பழைய கேட்டில் ஒரே ஒரு ஆள்

அடுத்தவர் வீட்டில் ஃபைல் மெதுவாக இறங்கினால் அது லைன் கோளாறு. சொந்த அக்கா வீட்டில் மெதுவாக இறங்கினால் அது அக்காவின் கோளாறு. ஒரு வருஷமாக ஒயரின் நினைப்பு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கெட்டிக்காரன்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் கெட்டிக்காரர்கள் வழுக்கி விழுகிற இடமே தனி.

ஒயர் என்பது ஆபீஸ் வைத்த பெயர். எந்நேரமும் கழுத்தில் ஒரு கேபிளைத் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு திரிவான். கட்டட வரைபடம் போடும் அந்த ஆபீஸில் முப்பது பேர். முப்பது பேரின் கம்ப்யூட்டருக்கும், எல்லா வரைபடமும் குடியிருக்கும் சர்வருக்கும், வெளியே போகும் லைனுக்கும் அவன் ஒருவனே வைத்தியன். அந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே அக்காதான். பதினாலு வருஷமாக அங்கே வரைபவள். சுவருக்குள் நல்ல தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஒன்றோடொன்று முட்டாமல் ஓடவிடுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. அத்தானுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கமும் பேச்சும் போனபிறகு, வீட்டிலிருந்தே வேலை செய்யக் கேட்டாள். கொடுத்தார்கள். சர்வரிலிருந்து ஃபைலை வீட்டுக்கு இறக்கி, திருத்தி, திரும்ப ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. அந்த அவ்வளவுதான் ஒரு வருஷமாக நொண்டியடித்துக்கொண்டிருந்தது.

அன்று காலை பதினொரு மணிக்கு மேனேஜர் ஒயரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருக்கும் ஒரு பெயர் உண்டு: கடிகாரம். அறைச் சுவரில் இருக்கும் கடிகாரத்தை ஐந்து நிமிஷம் முன்னால் வைத்துவிட்டு, ஊரே தாமதமாக வருகிறது என்று குறைப்படுகிற மனுஷர். கெட்டவர் இல்லை. நேரம் தவறினால் மட்டும் பெற்ற தாயையும் எழுதி வைத்துவிடுவார்.

ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் வரைபடம் அது. மூன்றாம் மாடிக் குழாய்களை எல்லாம் மாற்ற வேண்டும் என்று கட்டடக்காரர்கள் கடைசி நேரத்தில் சொல்லியிருக்கிறார்கள். முழு ஃபைலும் இப்போதுதான் சர்வரில் வந்து சேர்ந்திருக்கிறது. நாலு மணிக்கு அவர்கள் வந்து உட்காரும்போது திருத்திய மூன்றாம் மாடி திரையில் இருக்க வேண்டும். அந்த வேலையை உங்கள் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன் என்றார். சொல்லிவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார்.

"இந்த வருஷம் ஒன்பது தடவை லேட். ஒன்பதையும் தேதியோட எழுதி வச்சிருக்கேன். இன்னைக்கு நாலு மணிக்கு வரலைன்னா திங்கட்கிழமையிலேருந்து அவங்க ஆபீஸுக்கு வரணும். முடியலைன்னா வேற ஆள் பார்த்துக்கறேன். சொந்தக்காரர் நீங்க, பின்னால மனசு சங்கடப்படக் கூடாதுன்னு முன்னாலயே சொல்றேன்."

அக்கா ஆபீஸுக்கு வருவதாவது. அத்தானை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், தண்ணீரை ஸ்பூனால் ஊற்ற வேண்டும். அவள் வீட்டில் இன்னொரு ஜீவன் கிடையாது. வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எதை நம்பி எரியும்?

ஃபைலைப் பென் டிரைவில் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கேட்டுப் பார்த்தான். அக்கா வீடு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். கடிகாரம் தலையை ஆட்டினார். முன்பு ஒருத்தர் டிரைவைத் தொலைத்துவிட்டு வந்ததிலிருந்து ஃபைல் எதுவும் கையில் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். அதோடு இன்றைக்கு நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள், நாளைக்கு யார் ஓடுவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

இருக்கைக்குத் திரும்பும்போதே போன் அடித்தது. அக்கா. ஃபைலை இறக்கத் தொடங்கிவிட்டாளாம். நாலு மணி நேரம் நாற்பது நிமிஷம் ஆகும் என்று கம்ப்யூட்டர் சொல்கிறதாம்.

"மூணு அம்பதுக்கு ஃபைல் வந்தா, பத்து நிமிஷத்துல ஒரு மாடிக் குழாயை எப்படிடா மாத்துவேன்?"

அவள் குரலில் அழுகை இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. அழுகிற நேரத்தையும் மிச்சம் பிடிக்கிறவள் அவள். அவனோ பழக்க தோஷத்தில், ரவுட்டரை அணைத்துப் போட்டாயா என்றுதான் முதலில் கேட்டான். போட்டுவிட்டாளாம். ரெண்டு தடவை.

இந்த ஒரு வருஷத்தில் அவன் சொல்லி அவள் செய்தவற்றைப் பட்டியல் போட்டால் நமக்கே கோபம் வரும். ரவுட்டரை மாற்றச் சொன்னான், மாற்றினாள். லேப்டாப் பழசு என்றான், புதுசு வாங்கினாள். காற்றில் வரும் லைன் சரிப்படாது, கம்ப்யூட்டரை லைன் வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்து நேராக ஒயரைச் செருகு என்றான். லைன் வருவது தெருப்பக்கத்து அறையில். அங்கே ஜன்னலோரமாக அத்தானின் கட்டில் கிடந்தது. கட்டிலும் மேஜையும் சேர்ந்து அந்த அறையில் கொள்ளாது. அத்தானின் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினாள். பேச்சு போன மனுஷருக்கு அந்த ஜன்னல்தான் பொழுது. தெருவில் போகும் பஸ்ஸை வலது கை விரலால் எண்ணிக்கொண்டிருப்பார். பின்னறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அத்தனைக்கும் அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. தம்பி சொன்னால் காரணம் இருக்கும்.

போதாக்குறைக்கு இன்னொன்று. சர்வர் அறைக் கதவில் ஆணியில் ஒரு புகார் நோட்டு தொங்கும். யாருக்கு என்ன கோளாறோ அதில் எழுத வேண்டும், ஒயர் வரிசையாகப் பார்ப்பான், பார்த்து முடித்தால் கையெழுத்துப் போடுவான். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் போனில் சொன்னால் அவனே எழுதிக்கொள்வான். அக்காவின் புகார் மட்டும் அதில் ஒருநாளும் ஏறியதில்லை. நம் வீட்டு விஷயம் நோட்டில் எதற்கு, பார்க்கிறவர்கள் அக்காவுக்கென்றால் விழுந்து விழுந்து செய்கிறான் என்று பேசுவார்கள், எனக்கு போன் பண்ணு போதும் என்று அவன்தான் சொல்லியிருந்தான். நோட்டில் ஏறாத புகாருக்கு வரிசையும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

சர்வர் அறைக்குள் போனான். ஒருகாலத்தில் காகிதக் கட்டுகள் அடுக்கிவைத்த இடம். ஏசி சொட்டும் தண்ணீருக்கு ஒரு பக்கெட். இரும்பு அடுக்கில் சர்வரும் அதன் உறவுக்காரப் பெட்டிகளும் இரைந்துகொண்டிருந்தன. அவன் பின்னாலேயே பிளாட்டர் அண்ணன் வந்து கதவைச் சாத்தினார். ஆள் உயரக் காகிதத்தில் வரைபடம் அச்சடிக்கும் பிளாட்டர் மெஷின் அவர் பொறுப்பு. கடிகாரத்தின் அறைக்கும் பிளாட்டருக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான், எல்லாமே காதில் விழுந்திருக்கிறது. பக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். உதவிக்கு ஒன்றும் தெரியாது, துணைக்கு இருக்கிறேன் என்றார்.

முதலில் சர்வர். அதே ஃபைலைச் சர்வருக்குள்ளேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகல் எடுத்தான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அடுத்தது ஆபீஸுக்குள் ஓடும் கேபிள். தன் மேஜைக்கு இறக்கினான். அரை நிமிஷம். அடுத்தது வெளியே போகும் லைன். அதுவும் குற்றமில்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் அக்காவைத் தவிர இன்னும் ஆறு பேர். அதில் ஒருவரை போனில் பிடித்து அதே ஃபைலை இறக்கச் சொன்னான். நாலு நிமிஷத்தில் வந்துவிட்டது என்றார். நொடிக்கு எட்டாயிரம் கிலோபைட் வேகம்.

பார்த்தாயா, நம்மிடம் ஒன்றும் இல்லை, அக்கா வீட்டில்தான் என்று வழக்கம்போல மனசு சொன்னது. அவளைக் கூப்பிட்டு, வீட்டு லைனின் வேகத்தைச் சோதிக்கும் பக்கத்தைத் திறக்கச் சொன்னான். ஓடுகிற ஃபைலுக்குக் கெடுதல் வராமல் ஒரே ஒரு தடவை பார் என்றான். முள் எங்கே நிற்கிறது என்று கேட்டான். பச்சையைத் தாண்டிக் கடைசி வரைக்கும் போகிறது என்றாள்.

ஆபீஸ் லைன் நல்ல லைன். அக்கா லைன் நல்ல லைன். நடுவில் வருகிற ஃபைல் மட்டும் நத்தை. ஒயர் கழுத்திலிருந்த கேபிளைக் கழற்றி மேஜைமேல் போட்டான். மணி பன்னிரண்டு பத்து. அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். அவனுக்கு அன்று அண்டாவே கண்ணுக்குத் தெரியவில்லை.

பிளாட்டர் அண்ணன்தான் சும்மா ஒரு கேள்வி கேட்டார். வேகம் ஏறி இறங்குகிறதா, இல்லை ஒரே மாதிரி இருக்கிறதா? அவருடைய மெஷினில் மை அடைத்துக்கொண்டால் கோடு விட்டுவிட்டு வருமாம், எப்போதும் ஒரே மாதிரி மெலிசாக வந்தால் யாரோ பட்டனை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். ஒயர் அவரைத் திரும்பிப் பார்த்தான். போனை மறுபடி காதில் வைத்தான்.

"அக்கா, ஃபைல் இறங்குற இடத்துல ஸ்பீடுன்னு ஒரு நம்பர் ஓடும் பாரு. அதை வாசிச்சுக்கிட்டே இரு. நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

"நூத்தி இருபது," என்றாள் அக்கா. "நூத்தி இருபது. நூத்தி இருபது. நூத்தி பத்தொம்பது. நூத்தி இருபது. நூத்தி இருபது. இன்னும் வாசிக்கணுமா?"

போதும் என்றான். கெட்டுப்போன லைன் மூச்சு வாங்கும், ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இது அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கிறது. கோளாறு இப்படி இருக்காது. யாரோ வேண்டுமென்றே கட்டிப்போட்ட வேகம் இது. அந்த ஆபீஸில் அப்படிக் கட்டத் தெரிந்த ஆள் ஒருத்தன்தான்.

வெளியிலிருந்து சர்வருக்குள் வருகிறவர்களை உள்ளே விடும் பெட்டியை அங்கே கேட் என்பார்கள். புது கேட் கண்முன்னால் பளபளவென்று இருந்தது. அதில் உள்ள பெயர்களைப் பார்த்தான். ஆறு பேர். அக்கா இல்லை. மண்டியிட்டுக் குனிந்து அடுக்கின் கீழ்த்தட்டைப் பார்த்தான். தூசிக்குள் பழைய கேட் இன்னும் உயிரோடு ஒரே ஒரு விளக்கைக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர். 'தற்காலிகம். மீட்டிங் முடிந்ததும் எடுக்கவும்.' அவனுடைய கையெழுத்து. கீழே தேதி, பதினாலு மாதத்துக்கு முந்தையது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். ஒயருக்கு அந்த நிமிஷம் தெரிந்தது.

எல்லாம் ஞாபகம் வந்தது. அன்று வெளியூர்க்காரர்களோடு வீடியோ மீட்டிங். கடிகாரத்தின் குரல் விட்டுவிட்டுப் போகிறது என்று அவர் கத்தியதில், வெளியிலிருந்து ஃபைல் இறக்குகிற எல்லோரையும் நொடிக்கு நூற்றிருபதுக்குமேல் போகாமல் கட்டிவைத்தான். மீட்டிங் முடிந்தது. அவிழ்க்கவில்லை. ரெண்டு நாளில் புது கேட் வந்துவிட்டது, ஒவ்வொருவராக அதற்கு மாற்றினான், கட்டு பழைய கேட்டோடு போயிற்று. யாரை முதலில் மாற்றுவது என்று பேச்சு வந்தபோது டீ குடிக்கிற இடத்தில் ஒருத்தர், முதலில் அக்காவுக்குத்தானே ஐயா, சொல்லவா வேண்டும் என்று கிண்டலடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சுருக்கென்று தைத்தது அவனுக்கு. அக்கா கடைசியில்தான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். நம்ம அக்காதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அந்த அப்புறம் வரவேயில்லை. வேறு யாராவதாக இருந்தால் நோட்டு ஞாபகப்படுத்தியிருக்கும். அக்காவுக்குத்தான் நோட்டே கிடையாதே.

"கிண்டல் பண்ணது நான்தான், இல்ல?" என்றார் பிளாட்டர் அண்ணன் மெதுவாக.

அதைப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. மணி பன்னிரண்டு இருபத்தைந்து. அக்காவின் ஃபைல் நூற்றில் இருபத்தேழு பங்கு இறங்கியிருந்தது. பழைய கேட்டின் பக்கத்தைத் திறந்து கட்டை அழித்தான். சேமி என்றால் சுற்றிக்கொண்டே இருந்தது, சேமிக்கவில்லை. இந்தப் பெட்டி வயசான காலத்தில் அப்படித்தான் அடம்பிடிக்கும், அணைத்துப் போட்டால்தான் புது பாடத்தை ஏற்கும். அணைத்தால் அக்காவின் இருபத்தேழும் போயே போச்சு. பதினாலு மாதமாக அணைக்காத பெட்டி திரும்ப எழுந்திருக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். எழாவிட்டால் அவளைப் புது கேட்டுக்கு மாற்ற வேண்டும். அவள் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக போனிலேயே சொல்லிச் செய்ய ரெண்டு மணி நேரமாவது ஆகும். நாலு மணி அதற்குள் வந்துவிடும்.

அக்காவிடம் இதைச் சொன்னான். எதனால் என்று மட்டும் சொல்லவில்லை. இறங்கியது அத்தனையும் போய்விடும், திரும்ப வருமா என்பதும் நிச்சயமில்லை, என்ன செய்யட்டும் என்று கேட்டான்.

"என்னைக் கேக்கறியே," என்றாள் அவள். "உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது? நீ சரின்னா சரி."

அதற்கு அவள் அவனை அறைந்திருந்தால்கூடத் தேவலை. கையை நீட்டிப் பெட்டியை அணைத்தான். பத்து எண்ணினான். போட்டான்.

விளக்கு ஆரஞ்சில் எரிந்தது. ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். உள்ளே சின்ன விசிறி சுற்ற ஆரம்பித்து, முனகி, நின்றது. பிளாட்டர் அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். ஒயர் விசிறியின் ஓட்டை வழியாக வாயால் ஊதினான். தூசி கண்ணில் விழுந்தது. விசிறி மறுபடி சுற்றியது. போனில் அந்தப் பக்கம் அத்தான் இருமுவது கேட்டது. இதோ வந்துட்டேன், ஒரு நிமிஷம் என்று அக்கா அவரிடம் சொல்வது கேட்டது. நாலு நிமிஷம். ஐந்து. இந்த வேலையைக் காப்பாற்றிக் கொடு, இனிமேல் எதையும் தற்காலிகம் என்று எழுதவே மாட்டேன் என்று அவன் அந்தத் தகரப் பெட்டியிடம் மனசார வேண்டிக்கொண்டான். வெட்கப்பட நேரமில்லை.

ஆறாவது நிமிஷம் விளக்கு பச்சையானது. கட்டை மறுபடி அழித்தான், இந்தத் தடவை சேமித்துக்கொண்டது.

"இப்ப இறக்கு," என்றான்.

பிறகு அக்கா, "டேய், என்னடா இது பறக்குது!" என்றாள். சின்ன வயசில் ஊஞ்சலில் அவளைத் தள்ளிவிட்டபோது வந்த குரல் அது. எட்டாயிரம், எட்டாயிரத்து நூறு என்று கேட்காமலே வாசித்தாள். பன்னிரண்டு நாற்பதுக்கு ஃபைல் முழுசாக அவள் கையில் இருந்தது. குழாய்களோடு மல்லுக்கட்ட மூன்றேகால் மணி நேரம் கிடைத்துவிட்டது.

"லைன் கம்பெனிக்காரன் சரி பண்ணிட்டானா?" என்று கேட்டாள்.

"ம்," என்றான் ஒயர்.

ஒரே எழுத்துதான். அவள் அதற்குள் வேலைக்குப் போய்விட்டாள்.

சாப்பிடக்கூடப் போகாமல் அவன் பழைய கேட்டின் பதிவுகளைத் திறந்து பார்த்தான். யார் எப்போது வந்தார்கள், என்ன இறக்கினார்கள் என்று பெட்டி எழுதி வைத்திருக்கும். பதினாலு மாதமாக ஒரே ஒரு ஆளின் பெயர். காலை 4.10 தொடக்கம், 8.50 முடிவு. 4.05 தொடக்கம், 8.42 முடிவு. 3.55 தொடக்கம். பக்கம் பக்கமாக இதே. ஒன்பது மணிக்கு எல்லோரும் வேலையைத் தொடங்கும்போது தானும் தொடங்க வேண்டும் என்று, தினம் விடிவதற்கு முன்னால் எழுந்து ஃபைலை இறங்கவிட்டிருக்கிறாள். ஒரு நாள்கூட அவனிடம் சொன்னதில்லை. அந்த ஒன்பது தாமதங்களில் எட்டு, ஆபீஸில் பகலில் திடீரென்று ஃபைல் மாறிய நாட்கள். மீதி ஒன்று 4.02-க்குத் தொடங்கி 5.20-க்கு அறுந்து, பதினொன்றேகாலுக்கு மறுபடி தொடங்கியிருந்தது. தேதியைப் பார்த்ததும் ஒயருக்குத் தெரிந்துவிட்டது. அத்தானுக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன நாள். அன்று சாயங்காலம் போனில் அவளைத் திட்டியிருக்கிறான், உன்னால் என் மானம் போகிறது என்று. பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அவன் அழுதான்.

பிளாட்டர் அண்ணன் ரெண்டு டீயோடு வந்தார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி உட்கார்ந்தார். பிறகு பெரிய மனுஷத் தோரணையில் யோசனை சொன்னார். ஸ்டிக்கரைக் கிழித்துப் போடு. லைன் கம்பெனிமேல் பழியைப் போடு. அவர்களைத் திட்டாத வீடே கிடையாது, ஒன்று கூடினால் என்ன குறைந்தா போவார்கள்? ஃபைல் வந்துவிட்டது, அக்கா வேலையும் தப்பியது, உன் வேலையும் தப்பியது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்றாலும் பரவாயில்லை, யாருக்கும் நஷ்டமில்லை என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒயர் ஸ்டிக்கரை உரித்து எடுத்தான். கிழிக்கவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மூன்று முப்பத்தைந்துக்குத் திருத்திய மூன்றாம் மாடி சர்வரில் ஏறியது. கடிகாரம் பெரிய திரையில் அதைப் போட்டு, குழாய் குழாயாகப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒன்றுகூட முட்டவில்லை. முகத்தில் ஒரு திருப்தி வந்தது. ஒயரை உட்காரச் சொன்னார். அவன் நின்றான்.

வேலையில் உங்கள் அக்காவை யாரும் குறை சொல்ல முடியாது என்றார். ஆனால் அவங்க வீட்டு லைனை நம்பி இருக்க முடியாது, இன்று ஓடும், நாளைக்குப் படுத்துக்கொள்ளும். ஒன்பது லேட் ஒன்பது லேட்தான். இந்த மாதம் முடிகிற வரைக்கும் டைம் தருகிறேன், அதற்குள் அத்தானைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு ஆபீஸுக்கு வரச் சொல்லுங்கள். எனக்கும் மனசு இருக்கிறது, அதனால்தான் திங்கட்கிழமையை மாதக் கடைசி ஆக்கினேன் என்றார்.

யாருக்கும் நஷ்டமில்லையாம். அண்ணனின் யோசனை அங்கேயே செத்துப்போனது. ஒயர் சட்டைப்பையிலிருந்து ஸ்டிக்கரை எடுத்து, ஒன்பது தேதிகள் இருந்த தாளின்மேல் ஒட்டினான்.

"அக்கா வீட்டு லைன்ல ஒரு குறையும் இல்லை சார். அன்னைக்கு வீடியோ மீட்டிங்குக்காக ஃபைல் இறங்குற வேகத்துக்கு இந்தக் கட்டைப் போட்டது நான். அவிழ்க்க மறந்ததும் நான். மத்த எல்லாரையும் மாத்திட்டு, சொந்த அக்காதானேன்னு அவங்களைக் கடைசியில விட்டதும் நான்தான். அந்த ஒன்பதும் என் கணக்குல எழுதிக்கங்க."

கடிகாரம் ஸ்டிக்கரைப் படித்தார். தேதியைப் படித்தார். விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். அவன் காலை நாலு மணிப் பதிவுகளைப் பற்றியும் சொன்னான். சொல்லி முடித்தபோது அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, புகார் நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். இப்போது சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதினான். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டான். அவர் ஒன்பது தேதிகள் இருந்த தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அவங்க வீட்டிலிருந்தே செய்யட்டும் என்றார்.

"உங்க விஷயத்தைத் திங்கட்கிழமை பேசுவோம்," என்றும் சொன்னார். அதில் கோபம் இருந்ததா இல்லையா என்று ஒயரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

படிக்கட்டுக்குக் கீழே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்று அக்காவுக்கு போன் பண்ணினான். வேலை நிலைத்தது என்று சொன்னான். அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு மீதியையும் சொன்னான். 'ம்' என்றது பொய் என்றான். ஸ்டிக்கரைச் சொன்னான், டீ குடிக்கிற இடத்துக் கிண்டலைச் சொன்னான், கடைசியில் விட்டதைச் சொன்னான், நாலு மணிப் பதிவுகளைப் பார்த்ததைச் சொன்னான். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

தெருவில் ஒரு பஸ் போகும் சத்தம் மட்டும் அவள் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"அப்ப ரவுட்டர்ல ஒண்ணும் இல்ல," என்றாள் கடைசியில்.

"இல்லக்கா."

"பழைய லேப்டாப்புலயும்?"

"இல்லக்கா."

"கம்ப்யூட்டர் எங்க இருந்தாலும் ஒண்ணுதான்."

தலையை ஆட்டினான், அது அவளுக்குத் தெரியாது என்பதுகூட உறைக்கவில்லை.

"ஒரு வருஷமா அந்த மனுஷன் சுவத்தைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கார்டா," என்றாள். குரல் இப்போதுதான் உடைந்தது. அவள் அழுதாள். ஒயர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றான். மன்னிச்சுக்க என்று ஆரம்பித்தான். அவள் கேட்க விரும்பவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொள்வது கேட்டது, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்திருப்பது கேட்டது.

"பேசிக்கிட்டே நிக்காத," என்றாள். "கட்டில் கனம். நான் ஒருத்தியாத் தள்ள முடியாது. வந்து தள்ளு."

நாலு மணி பத்து நிமிஷம். ஆபீஸ் முடிய இன்னும் நேரம் இருந்தது. ஒயர் மேலே போய்ப் பையை எடுத்துக்கொண்டான், வாசல் நோட்டில் வெளியே போவதற்கான காரணம் என்ற இடத்தில் அக்கா வீடு என்று எழுதிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு ஓடினான்.